வேலையிடத்தில் உயிர் போனால்: குடும்பம் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பட்டாசு ஆலையில் வெடி விபத்து. கட்டுமான இடத்தில் சாரம் சரிந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. செய்தித்தாளில் இவை நான்கைந்து வரிகள். குடும்பம் அழுது முடிப்பதற்குள் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலிலேயே பேரம் தொடங்கிவிடுகிறது. காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், யார் அழைத்து வந்தார்கள் என்றே தெரியாத வக்கீல் ஒருவர். "போன உயிர் திரும்பாது, ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்று சொல்லி ஒரு தொகையைப் பேசுகிறார்கள். கையெழுத்துப் போட்டால்தான் உடல் சீக்கிரம் கிடைக்கும் என்பதுபோல் அவசரப்படுத்துகிறார்கள்.

அந்த வாசலில் பேசப்படும் தொகைக்கும் சட்டம் தரச் சொல்லும் தொகைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. இழப்பீடு என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுப்பது அல்ல. விபத்து நடந்த அன்றே அவர் தலையில் ஏறிவிட்ட கடன் அது. அந்தக் கடனை முழுதாக வசூலிக்க என்ன செய்ய வேண்டும், எதைச் செய்துவிடக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கணவனை இழந்து துக்கத்தில் இருக்கும் பெண்ணால் இதைப் படிக்க முடியாது. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டு அக்கா, சங்கத் தோழர் படித்துச் சொல்லட்டும்.

முதலில்: எந்தப் பணம் எங்கிருந்து வரும்?

ஒரே மரணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் பணம் வரலாம். எது எதற்குத் தகுதி என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

*பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923.* இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு இதுவே முதல் வழி. வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த விபத்தில் ஒருவர் இறந்தால், முதலாளி தவறு செய்தாரா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் இழப்பீடு தர வேண்டும். கணக்கு எளிது: மாதச் சம்பளத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்குச் சட்டம் குறித்திருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு அதிகமானாலும், 2020 ஜனவரி அறிவிக்கையின்படி 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள்.

ஒரு கொத்தனார், வயது 35, நாள் கூலி 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15,000-க்கு மேல் வருகிறது, ஆகவே 15,000. அதில் பாதி 7,500. 35 வயதுக்கான எண் 197.06. பெருக்கினால் 14,77,950 ரூபாய். அவருக்கு 24 வயது என்றால் எண் 218.47, தொகை 16,38,525. 50 வயது என்றால் 153.09, தொகை 11,48,175. பிணவறை வாசலில் யாராவது "மூணு லட்சம் வாங்கித் தர்றேன்" என்று சொன்னால், இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

*இ.எஸ்.ஐ.* பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. இருக்கும். அங்கே மொத்தத் தொகை கிடையாது. சார்ந்தோர் உதவித்தொகை மாதாமாதம் வரும். சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்குப் பங்கிடப்படும். நாள் கூலி 600 என்றால், ஒரு நாளைக்கு 540 ரூபாய். மனைவிக்கு ஆயுள் முழுக்க அல்லது மறுமணம் வரை, மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை. ஈமச்சடங்குச் செலவு 15,000 ரூபாய் வரை தனி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பணியிட விபத்துக்குக் கிடையாது.

*பி.எஃப்.* பி.எஃப். கணக்கு இருந்தால் மூன்று பணம்: கணக்கில் உள்ள சேமிப்பு, குடும்ப ஓய்வூதியம், இ.டி.எல்.ஐ. காப்பீடு. இந்தக் காப்பீட்டின் உச்சவரம்பு 7 லட்சம். விதவை ஓய்வூதியத்தோடு இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனி ஓய்வூதியம் உண்டு. இவை எப்படி இறந்தார் என்று பார்க்காமலே கிடைப்பவை.

*கிராஜுவிட்டி.* ஐந்து வருடம் முடிக்கவில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். இறப்பு நேர்ந்தால் ஐந்து வருட நிபந்தனை பொருந்தாது.

*நலவாரியம்.* கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர் என்றால் வாரியத்தின் விபத்து மரண உதவியைக் கேளுங்கள். பணியிடத்தில் இறந்தவர் பதிவு செய்யாதவராக இருந்தாலும் கேளுங்கள்.

*கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை மரணம்.* இதற்குத் தனி வழி உண்டு. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று இன்னொரு தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வீட்டுத் தொட்டியா, நகராட்சிச் சாக்கடையா என்று பார்க்காமல் மாவட்ட ஆட்சியரிடம் இதைக் கேட்கலாம். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் பொருந்துமா என்பதையும் போலீசிடம் எழுத்தில் கேளுங்கள்.

*பட்டாசு, ரசாயன ஆலைப் பெருவிபத்து.* 2021 பிப்ரவரியில் விருதுநகர் மாவட்டம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று உத்தரவிட்டது. 1923 சட்டத்தின் தொகையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

ஒரு மாற்றத்தையும் மனதில் வையுங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன இழப்பீடு, இ.எஸ்.ஐ., பி.எஃப்., கிராஜுவிட்டிச் சட்டங்களை எல்லாம் அது தனக்குள் சேர்த்துக்கொண்டது. அடிப்படை விதிகள் பெரும்பாலும் தொடர்கின்றன. பிரிவு எண்களும் அதிகாரிகளின் பெயர்களும் சில தொகைகளும் மாறுகின்றன. இந்தத் தேதிக்கு முன் நேர்ந்த மரணத்துக்குப் பழைய சட்டம் என்பதால், மனு எழுதும் நாளில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை: முதல் மூன்று நாள்

1. போலீஸ் புகாரை நீங்களே எழுதிக் கொடுங்கள். நிறுவனத்தின் சூப்பர்வைசர் எழுதிய புகாரில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் ஒரு வரி பல லட்சத்தைத் தீர்மானிக்கும். "என் கணவர் மூன்றாவது மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார்" என்பது ஒரு வரி. "இன்னார் கட்டும் கட்டடத்தில், மேஸ்திரி இன்னார் சொன்னபடி, மூன்றாவது மாடியில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது, காலை 11 மணியளவில் சாரப் பலகை உடைந்து விழுந்து இறந்துவிட்டார், பாதுகாப்புக் கயிறு தரப்படவில்லை" என்பது இன்னொரு வரி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். வேலையையும் இடத்தையும் முதலாளியையும் விபத்தோடு சேர்த்துக் கட்டுவது இரண்டாவதுதான்.

2. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தால், எஃப்.ஐ.ஆர். எப்போது என்று கேளுங்கள்.

3. போஸ்ட்மார்ட்டம் நடக்கட்டும். "அறுக்க வேண்டாம், அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்று பரிவாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். மரணத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டப் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைதான் முதல் ஆவணம். அது இல்லாவிட்டால், பிறகு "ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்" என்ற வாதம் முளைக்கும்.

4. இடத்தைப் படம் எடுங்கள். உடைந்த பலகை, மூடியில்லாத தொட்டி, கழற்றி வைத்த இயந்திரக் காப்பு, நிறுவனத்தின் பெயர்ப் பலகை. மறுநாள் அந்த இடம் கழுவித் துடைக்கப்பட்டிருக்கும். கூட வேலை செய்தவர் ஒருவரின் செல்போனில் எடுத்த படம் போதும். எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

5. இறந்தவரின் செல்போனைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்தார் என்பதற்கும் சம்பளம் வாங்கினார் என்பதற்கும் இப்போது பெரிய ஆதாரம் அதுதான். சனிக்கிழமைதோறும் ஜி.பே.யில் வந்த கூலி, "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு" என்று மேஸ்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், வேலையிடத்தில் எடுத்த படம். சிம் கார்டை ரத்து செய்யாதீர்கள். வருகை எழுதி வைத்த சிறு நோட்டு, அடையாள அட்டை, பி.எஃப். மெசேஜ் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள்.

6. கூட வேலை செய்தவர்களின் பெயர், ஊர், எண் வாங்குங்கள். குறிப்பாக வெளிமாநிலத் தொழிலாளர்களிடம். விபத்து நடந்த ஓரிரு நாளில் அவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது உண்டு. சாட்சி ஊருக்குப் போய்விட்டாலும் போன் எண் இருந்தால் தேடிப் பிடிக்கலாம்.

செய்ய வேண்டியவை: முதல் மாதம்

7. சான்றிதழ்களுக்கு உடனே மனுப் போடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுச் சான்று, குடும்ப அட்டை, ஆதார். மனைவி பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் திறந்துவிடுங்கள். ஒரு விஷயம்: வாரிசுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். சட்டம் பார்ப்பது "சார்ந்தோர்" யார் என்பதை. மனைவி, வயது வராத மகன், திருமணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

8. தொழிலாளர் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீட்டு ஆணையராக இருப்பவர் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர். மரணத்தைப் பற்றித் தகவல் கிடைத்தால், முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி 30 நாளில் விளக்கம் கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வையுங்கள். தொழிற்சாலை மரணம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒரு நகல். அவர்களின் விசாரணை அறிக்கை பிறகு கைகொடுக்கும்.

9. உண்மையான முதலாளி யார் என்று கண்டுபிடியுங்கள். கூலி கொடுத்தவர் மேஸ்திரி. அவருக்கு மேல் காண்ட்ராக்டர். அவருக்கு மேல் நிறுவனம். காண்ட்ராக்டரின் ஆள் இறந்தாலும், தன் தொழிலுக்காக அந்த வேலையைச் செய்யக் கொடுத்த முதன்மை முதலாளி பொறுப்பாவார். பட்டாசுத் தொழிலில் உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறொருவர் கையில் என்பது சாதாரணம். உரிமதாரர், குத்தகைதாரர், காண்ட்ராக்டர், காப்பீட்டு நிறுவனம் என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், பணமில்லாதவர் மீது தீர்ப்பு வாங்கி வைத்திருப்பீர்கள்.

10. இலவச சட்ட உதவியைக் கேளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். உதவி எண் 15100.

செய்ய வேண்டியவை: மனுச் செய்யும்போது

11. இரண்டு வருடக் கெடுவை மறக்காதீர்கள். இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். "போலீஸ் கேஸ் முடியட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை, இரண்டும் தனித்தனி.

12. உங்கள் ஊரிலேயே மனுச் செய்யுங்கள். விபத்து நடந்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. சார்ந்தோர் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் செய்யலாம். குஜராத்தில் இறந்த திருநெல்வேலிக்காரரின் மனைவிக்கும் இது பொருந்தும். திருப்பூரில் இறந்த ஒடிசாக்காரரின் தாய்க்கும் இது பொருந்தும்.

13. வட்டியையும் அபராதத்தையும் எழுதிக் கேளுங்கள். இழப்பீடு விபத்து நாளிலேயே பாக்கியாகிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொல்லிவிட்டது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமில்லாத தாமதம் என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம். மேலே சொன்ன கொத்தனார் குடும்பத்துக்கு வட்டி மட்டும் ஆண்டுக்கு 1,77,354 ரூபாய். முதலாளி இழுத்தடிப்பது அவருக்கு லாபமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. கேட்காவிட்டால் விடுபட்டுப் போகும்.

14. வேலைக்குப் போகும் வழியில் இறந்தாலும் கேளுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-ல் அதிகாலைப் பணிக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நேரத்துக்கும் இடத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் இதுவும் பணியிட விபத்தே என்று அவர் குடும்பத்துக்குச் சாதகமாகச் சொன்னது. அந்தக் குடும்பம் 22 வருடம் விடாமல் நின்றிருக்கிறது.

15. நெஞ்சுவலி மரணத்துக்கு வேலையின் பளுவைக் காட்டுங்கள். வேலையிடத்தில் மாரடைப்பில் இறந்தால் இழப்பீடு தானாக வந்துவிடாது. வேலையின் அழுத்தம் அதற்குக் காரணமாகவோ தூண்டுதலாகவோ இருந்தது தெரிய வேண்டும். தொடர்ந்து பார்த்த இரவு ஷிப்ட், ஓவர்டைம், கொதிகலன் அருகே நின்ற மணிநேரம், விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட மெசேஜ் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கல் உடைக்கும் இடத்தில் வேலை செய்து சிலிக்கோசிஸ் நோயில் இறந்தவருக்கும் உரிமை உண்டு; தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது.

செய்யக்கூடாதவை

1. முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: இறந்தவர் தன் கவனக்குறைவால் இறந்தார், நிறுவனம் மனிதாபிமான அடிப்படையில் இவ்வளவு தொகை கொடுத்தது, எனக்கும் நிறுவனத்துக்கும் இனி எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை, எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட மாட்டேன். நான்கு வாக்கியத்தில் பழி, பிச்சை, கணக்கு முடிப்பு, வாய்ப்பூட்டு நான்கும் வந்துவிடுகின்றன. வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பது இதைவிட மோசம்.

2. போட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அதோடு, இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்ததை மட்டும் ஆணையர் கழிக்கலாம். ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்ட குடும்பமும் மனுச் செய்யலாம்; வாங்கிய தொகையை மறைக்காமல் மனுவில் சொல்லிவிடுங்கள்.

3. உடலை வாங்கினால் உரிமை போய்விடும் என்று பயப்படாதீர்கள். உடலை வாங்க மறுத்துப் போராடுவது நம் ஊரில் வழக்கம். கைது, எஃப்.ஐ.ஆர்., பிரிவு மாற்றம் போன்றவற்றுக்கு அந்த அழுத்தம் சில சமயம் உதவுகிறது. ஆனால் இழப்பீட்டு உரிமைக்கும் உடலை வாங்குவதற்கும் தொடர்பில்லை. நாள்கணக்கில் காத்திருந்து களைத்துப்போய் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொள்வதைவிட, மரியாதையாக அடக்கம் செய்துவிட்டுச் சட்டப்படி நிற்பது பலம்.

4. "குடிச்சிருந்தார்", "ஹெல்மெட் போடலை" என்ற பேச்சுக்குப் பின்வாங்காதீர்கள். காயம்பட்டவர் விஷயத்தில் இந்த வாதங்களுக்கு இடமுண்டு. இறந்தவர் விஷயத்தில் 1923 சட்டம் இவற்றை ஏற்பதில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று சொல்லி மரண இழப்பீட்டை மறுக்க முடியாது.

5. "எங்க ரோல்ல பேரே இல்லை" என்பதை நம்பித் திரும்பாதீர்கள். தினக்கூலி, காண்ட்ராக்ட், வாரக்கூலி யாராக இருந்தாலும் உரிமை உண்டு. இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யவில்லை, சந்தா கட்டவில்லை என்பது முதலாளியின் தவறு. அதற்குத் தண்டனை குடும்பத்துக்கு அல்ல. இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் 1923 சட்டத்தில் கேட்க முடியாது என்பதால், இடம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

6. அரசு நிவாரணம் வந்ததும் முடிந்தது என்று உட்காராதீர்கள். முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து காசோலை வரும், படம் எடுப்பார்கள். அது அரசின் உதவி. முதலாளி கட்ட வேண்டியதில் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

7. "வர்ற பணத்துல இத்தனை பர்சென்ட்" என்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீல் தொழில் விதிகளுக்கே முரண். இழப்பீட்டுத் தொகையை ஈடாக எழுதித் தருவதும் செல்லாது. கடன்காரர் அதை ஜப்தி செய்யவும் முடியாது. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, காசோலைப் புத்தகம் எதையும் யார் கையிலும் கொடுத்து வைக்காதீர்கள்.

8. மூலச் சான்றிதழ்களை யாரிடமும் விடாதீர்கள். நிறுவனத்தின் எச்.ஆர். கேட்டாலும் நகலே. எதைக் கொடுத்தாலும் ஒப்புதல் வாங்குங்கள்.

9. ஒரே விபத்துக்கு இரண்டு இடத்தில் இழப்பீட்டு வழக்குப் போடாதீர்கள். லாரி ஓட்டுநர், டெலிவரி வேலை செய்பவர் சாலையில் இறந்தால் இரண்டு கதவுகள்: மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அல்லது பணியாளர் இழப்பீடு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதிரே வந்த வண்டி மீது தவறு என்றால் தீர்ப்பாயத்தில் தொகை பெரும்பாலும் கூடும். இறந்த ஓட்டுநர் மீதே தவறு என்கிறார்கள் என்றால் பணியாளர் இழப்பீடு பாதுகாப்பு. தீர்ப்பாயத்துக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் போய்விடுங்கள்.

10. மனைவியை ஒதுக்கிவிட்டுப் பேசாதீர்கள். "சின்னப் பொண்ணு, நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடும்" என்று மாமனார் வீட்டில் பேச்சு எழும். மகனை இழந்த தாயின் பயம் புரிகிறது. விதவைத் தாய்க்கும் சட்டத்தில் பங்கு இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது ஆணையர். குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு வக்கீல் வைத்துக்கொண்டால் மகிழ்வது எதிர்த்தரப்பு மட்டுமே. குழந்தைகளின் பங்கை ஆணையர் வங்கியில் வைப்பாகப் போடச் சொன்னால் அதை எதிர்க்காதீர்கள். கையில் வந்த மொத்தத் தொகை கரையும் வேகம் எல்லோருக்கும் தெரியும்.

கூட நிற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

முதல் பத்து நாள் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். யார் வந்து பேசினாலும் "எழுதிக் கொடுங்க, படிச்சுட்டுச் சொல்றோம்" என்ற ஒரே பதில் போதும். பேச்சு நடக்கும் இடத்தில் அவரையும் உட்கார வையுங்கள். அவருக்குத் தெரியாமல் அவருடைய பணத்தைப் பேசாதீர்கள். விசாரணை நாளில் ஒருவராவது கூடப் போங்கள். கைக்குழந்தையோடு பஸ் ஏறித் தொழிலாளர் அலுவலகம் போய், வாய்தா என்று கேட்டுவிட்டுத் திரும்பும் நாள்கள்தான் குடும்பங்களைச் சோர்வடையச் செய்து குறைந்த தொகைக்கு இறங்கி வர வைக்கின்றன. பஸ் கட்டணத்துக்குச் சங்கமோ சுயஉதவிக் குழுவோ கொஞ்சம் ஒதுக்கினால் அதுவே பெரிய சட்ட உதவி.

முதலாளிகள் கவனிக்க வேண்டியவை

விபத்து மரணத்தை ஏழு நாளுக்குள் ஆணையருக்குத் தெரிவியுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையை வழக்கு வரும்வரை காத்திராமல் ஆணையரிடம் கட்டிவிடுங்கள். வட்டியும் அபராதமும் மிச்சம். காப்பீடு எடுத்திருந்தாலும் அபராதம் உங்கள் பையிலிருந்துதான் போகும். சேதத்தை மறைக்காதீர்கள், சாட்சிகளை இடம் மாற்றாதீர்கள், பிணவறைக்குத் தரகர்களை அனுப்பாதீர்கள். துக்கத்துக்குப் போக மனமிருந்தால் பேரம் பேசும் தாள் இல்லாமல் போங்கள்.

கடைசியாக, குடும்பத்துக்கு ஒன்று. வழக்குப் போடுவது பணத்தாசை என்று யாராவது சொல்வார்கள். "உயிருக்கு விலை பேசறாங்க" என்று காதுபடப் பேசுவார்கள். உயிருக்கு விலை பேசியது பிணவறை வாசலில் மூன்று லட்சம் என்று சொன்னவர். நீங்கள் கேட்பது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வயதான தாயின் மாத்திரைச் செலவும், இனி வராத அந்தச் சனிக்கிழமைக் கூலியும். இன்னொன்றும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதுகாப்புக் கயிற்றுக்கும் நல்ல சாரப் பலகைக்கும் ஆகும் செலவைவிட ஒரு மரணத்துக்கு ஆகும் செலவு குறைவாக இருக்கும்வரை, கயிறு வாங்கப்பட மாட்டாது. முழுத் தொகையையும் வட்டியோடு கட்ட நேர்ந்த முதலாளிதான் அடுத்த ஆளை மேலே ஏற்றுவதற்கு முன் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்வார்.